பாக்கெட் பைனாகுலரும் ஒரு சின்னச் சக்கரமும்

இந்த எபிசோட்ல ஒரு பொருளோட வரலாறு பேசப் போறோம். கழுத்தை இழுக்கிற பெரிய பைனாகுலர் இல்லை. சட்டைப் பையில போடலாம், ஆனா ஒரு நல்ல லேப்டாப் விலைக்குப் பக்கத்துல வரும். அந்த மாதிரி குட்டி பைனாகுலர்.

முதல்ல ஒரு எண் சொல்றேன்: 8×20. முன்னாடி இருக்கிற 8, எத்தனை மடங்கு பெரிசா காட்டும்ங்கிறது. பின்னாடி இருக்கிற 20, முன் லென்ஸோட விட்டம், மில்லிமீட்டர்ல. லைக்கா நிறுவனத்தோட அல்ட்ராவிட் வரிசையில கைக்கு அடக்கமான மாடல் ஒன்னு 8×20. சரி, இப்போ 1894-க்குப் போவோம். ஜெர்மனியில யேனா நகரத்துல கார்ல் சைஸ் நிறுவனம் தன்னோட முதல் ப்ரிசம் பைனாகுலர்களை விற்பனைக்குக் கொண்டுவருது. அந்த வரிசையில இருந்தது மூணு: 4×11, 6×15, 8×20.

130 வருஷம் ஆச்சு. பெட்டி மேல இருக்கிற எண் அப்படியே இருக்கு. அப்போ இந்த 130 வருஷத்துல மாறினது என்ன? கண்ணாடி மாறியது, கண்ணாடி மேல போடுற பூச்சு மாறியது. இதைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க. யாரும் அவ்வளவா பேசாத இன்னொன்னு, உங்க ஆள்காட்டி விரல் தொடுற அந்தச் சக்கரம். ஃபோகஸ் வீல். அது எப்படிச் சுத்துது, எவ்வளவு இறுக்கமா இருக்கு, நிறுத்தின இடத்துல நிக்குதா. இது ஏதோ பணக்காரங்களோட நுணுக்கம்னு நினைக்கலாம். குட்டி பைனாகுலர்ல அதுதான் மொத்த விஷயமும்னு நான் சொல்வேன். ஏன்னு பார்ப்போம்.

நாடக அரங்கில் பிறந்த சக்கரம்

1608. நெதர்லாந்துல மிடில்பர்க்ல கண்ணாடி செய்பவர் ஹான்ஸ் லிப்பர்ஹே. தூரத்துப் பொருளைக் கிட்டத்துல காட்டுற கருவிக்குக் காப்புரிமை கேட்டு ஹேக் நகரத்துல அரசு சபைக்கு விண்ணப்பம் போடுறார். தொலைநோக்கி பத்தின முதல் ஆவணம்னு சொல்லப்படுறது இதுதான். சபை அவர்கிட்ட என்ன கேட்டது தெரியுமா? "ரெண்டு கண்ணாலயும் பார்க்கிற மாதிரி செஞ்சு கொடுங்க." அதாவது தொலைநோக்கி வெளியுலகத்துக்கு வந்த அதே வருஷம், பைனாகுலருக்கான முதல் ஆர்டரும் வந்துடுச்சு. அவர் செஞ்சும் கொடுத்தார். காப்புரிமை மட்டும் கிடைக்கல. வேற ஆட்களும் இதே கருவியை உரிமை கொண்டாடினாங்க.

அதுக்கப்புறம் ரொம்ப காலம் ரெண்டு குழாயை ஒன்னா கட்டுறதே பெரிய வேலையா இருந்தது. ரெண்டு குழாயும் துளி பிசகாம ஒரே திசையைப் பார்க்கணும். இல்லைன்னா தலைவலி.

1823-ல வியன்னாவில ஃபோய்க்ட்லேண்டர் ரெண்டு சின்னத் தொலைநோக்கிகளைப் பாலம் போட்டு இணைச்சு, நாடகம் பார்க்கிறதுக்கான கருவி ஒன்னு செஞ்சார். ஓபரா கிளாஸ். அதுல ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியா ஃபோகஸ் பண்ணணும். ரெண்டே வருஷத்துல, 1825-ல, பாரிஸ்ல லெமியேர்ங்கிறவர் நடுவுல ஒரு சக்கரம் வச்சார். அதைத் திருப்பினா ரெண்டு குழாயும் சேர்ந்து நகரும்.

இன்னைக்கு நம்ம விரல் தொடுற சக்கரத்தோட மூதாதை அதுதான். போர்க்களத்துல வேட்டைக்காரன் கையிலயோ தளபதி கையிலயோ அது பிறக்கல. நாடகம் பார்க்க வந்தவங்க கையில பிறந்தது. முத்துச்சிப்பி பதிச்சு, பொன் முலாம் பூசி, கைப்பைக்குள்ள அடங்குற அளவுக்குச் செய்வாங்க. யோசிச்சுப் பாருங்க, "காம்பாக்ட் பிரீமியம் பைனாகுலர்"ன்னு இப்போ கடையில சொல்றாங்களே, அதோட முதல் வடிவமே ஓபரா கிளாஸ்தான்.

கொஞ்சம் கணக்கு, பயப்படாதீங்க

ஃபோகஸ் சக்கரம் எதுக்கு அவ்வளவு முக்கியம்னு புரிய ஒரு சின்ன சூத்திரம் இருக்கு. பைனாகுலரை ரொம்ப தூரத்துக்கு ஃபோகஸ் பண்ணிட்டு, சக்கரத்தைத் தொடாம பக்கத்துல இருக்கிற ஒன்னைப் பார்க்கிறீங்கன்னு வைங்க. உங்க கண் எவ்வளவு சிரமப்படணும்? பெருக்கத்தை அதாலயே பெருக்குங்க. 8 மடங்குன்னா 64. பொருளோட தூரத்தை அந்த 64-ஆல வகுங்க. வர்ற தூரத்துல ஒரு பொருளை வெறும் கண்ணால பார்க்கிற சிரமம்தான் அது.

64 மீட்டர்ல ஒரு பறவை. 1 மீட்டர்ல இருக்கிற பொருளைப் பார்க்கிற சிரமம். பரவாயில்லை, சுலபம். 10 மீட்டர்ல ஒரு பறவை. இப்போ அது சுமார் 16 சென்டிமீட்டர்ல புத்தகம் வச்சுப் படிக்கிற மாதிரி. 2 மீட்டர்ல ஒரு பட்டாம்பூச்சி. 3 சென்டிமீட்டர். எந்தக் கண்ணாலயும் முடியாது. சக்கரத்தைத் திருப்பியே ஆகணும்.

இதே கணக்கை 3 மடங்கு ஓபரா கிளாஸுக்குப் போடுங்க. 9-ஆல வகுக்கணும். 18 மீட்டர்ல மேடைன்னா, 2 மீட்டர்ல இருக்கிற பொருளைப் பார்க்கிற மாதிரி. கண்ணே சமாளிச்சுக்கும். அப்போ அங்க சக்கரத்தோட முக்கிய வேலை தூரத்தை மாத்துறது இல்லை, ஆளை மாத்துறது. ஒருத்தர் பார்த்துட்டுப் பக்கத்துல இருக்கிறவர்கிட்ட கொடுப்பார். அவருக்குக் கிட்டப்பார்வை இருக்கும். ஒரு திருப்புல ரெண்டு குழாயும் அவருக்கு ஏத்த மாதிரி வந்துடும்.

பெருக்கம் இருமடியா வர்றதைக் கவனிச்சீங்களா? 8-லிருந்து 10 மடங்குக்குப் போனா 64 வந்த இடத்துல 100 வருது. "10 மடங்குதானே, இன்னும் நல்லா தெரியுமே"ன்னு வாங்குறவங்க, விரலுக்கு ஒன்றரை மடங்கு வேலையையும் சேர்த்துத்தான் வாங்குறாங்க.

யேனாவில் சக்கரம் காணாமல் போனது

ஓபரா கிளாஸ்ல ஒரு பிரச்சினை. 3, 4 மடங்குக்கு மேல போனா, சாவித் துவாரம் வழியா பார்க்கிற மாதிரி காட்சி சுருங்கிடும். அதுக்கு வேற வகை லென்ஸ் அமைப்பு வேணும். ஆனா அந்த அமைப்பு காட்சியைத் தலைகீழா காட்டும். 1854-ல இத்தாலியர் இக்னாசியோ போர்ரோ, ப்ரிசம் வச்சு அதை நிமிர்த்துற வழிக்குக் காப்புரிமை வாங்கினார். ஐடியா சரி, ஆனா அப்போ கிடைச்ச கண்ணாடி அதுக்குத் தகுந்த தரத்துல இல்லை.

நாற்பது வருஷம் கழிச்சு யேனாவில எர்ன்ஸ்ட் ஆபே இதைக் கையில எடுத்தார். ஆட்டோ ஷாட் 1884-ல அங்கேயே தொடங்கின ஆலையிலிருந்து நல்ல கண்ணாடி கிடைச்சது. 1893-ல காப்புரிமைக்குப் போனப்பதான் ப்ரிசம் யோசனை போர்ரோவோடதுன்னு தெரியவருது. அதனால முன் லென்ஸ்களைக் கண்களை விட அகலமா வச்சு ஆழத்தை அதிகமா காட்டுற அமைப்புக்கு உரிமை வாங்கினாங்க. அடுத்த வருஷம் வந்ததுதான் நாம ஆரம்பத்துல பார்த்த 8×20.

ஆனா அந்த முதல் பைனாகுலர்கள்ல நடுச்சக்கரம் இல்லை. ஒவ்வொரு கண்பக்கத்தையும் தனித்தனியா திருகணும். லெமியேர் 1825-ல தீர்த்த பிரச்சினை மறுபடி வந்துடுச்சு. அப்புறம் சைஸ் ரெண்டு விதமாவும் செஞ்சது. பழைய சைஸ் பெயர்கள்லயே இது ஒளிஞ்சிருக்கு. 7×50 மாடல்ல தனித்தனி ஃபோகஸ்னா "பினோக்டார்", நடுச்சக்கரம்னா "பினோக்டெம்". 1920-ல வந்த புகழ்பெற்ற 8×30, "டெல்ட்ரின்டெம்". கடைசியில "எம்" வந்தா சக்கரம் உண்டுன்னு அர்த்தம். நம்ம ஊர் கார் மாடல் பெயர் பின்னாடி வர்ற எழுத்துகள் மாதிரிதான்.

ராணுவத்துக்குத் தனித்தனி ஃபோகஸ்தான் பிடிச்சது. நம்ம கணக்கையே போடுங்க. 7 மடங்கு பைனாகுலர், 49. கப்பல் 4,900 மீட்டர்ல இருந்தா, 100 மீட்டர்ல இருக்கிற பொருளைப் பார்க்கிற மாதிரி. கண்ணுக்கு வேலையே இல்லை. ஒரு தடவை செட் பண்ணிட்டா போதும். சக்கரம் இல்லைன்னா உடையற பாகமும் குறைவு, தண்ணி புகுற வழியும் குறைவு.

அந்தக் காலத்துல இந்தக் கருவிக்கு எவ்வளவு கிராக்கின்னா, முதல் உலகப் போர்ல அமெரிக்கா இறங்கினப்போ கடற்படைகிட்ட போதுமான பைனாகுலர் இல்லை. நல்ல கண்ணாடியில பெரும் பங்கு எதிரி நாட்டுச் சரக்கு. கடற்படை உதவிச் செயலரா இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், பிற்பாடு ஜனாதிபதி ஆனவர், மக்கள்கிட்ட "உங்க வீட்டு பைனாகுலரைக் கொடுங்க"ன்னு கேட்டார். கொடுத்தவங்களுக்கு ஒரு டாலரும் நன்றிச் சான்றிதழும்.

விரலுக்கும் தண்ணிக்கும் சண்டை

சரி, போர் முடிஞ்சது. பைனாகுலர் பறவை பார்க்கிறவங்க, மலையேறுறவங்க கைக்கு வருது. பறவை 5 மீட்டர்ல இருக்கும், அடுத்த நொடி 50 மீட்டர்ல இருக்கும். நடுச்சக்கரம் இல்லாம முடியாது. இங்கதான் உண்மையான இன்ஜினியரிங் சண்டை.

பழைய நடுச்சக்கர அமைப்புல, சக்கரத்தைத் திருப்பினா கண்பக்கக் குழாய் ரெண்டும் ஒரு பாலத்தோட சேர்ந்து வெளிய வரும், உள்ள போகும். சைக்கிள் பம்ப் மாதிரி யோசிங்க. வெளிய வரும்போது காத்தை உள்ள இழுக்கும். காத்தோட தூசியும் ஈரமும் வரும். அந்தப் பாலமும் மெல்லிசு. புருவத்துல அழுத்திப் பிடிச்சா லேசா சாயும், ஒரு கண்ணுக்கு மட்டும் மங்கும்.

இதை அடைச்சுடலாமே? அடைச்சாங்க. ஆஸ்திரியாவில டிரோல் மலைப்பகுதியில அப்சாம்ங்கிற ஊர்ல 1949-ல ஸ்வரோவ்ஸ்கி ஆப்டிக் தொடங்கினது. அவங்களோட ஹாபிக்ட் மாடல் காலம் காலமா வர்றது. அதுல தண்ணி புகாத வகை உண்டு. படம் அட்டகாசமா இருக்கும்னு எல்லாரும் ஒத்துப்பாங்க, சக்கரம் ரொம்ப இறுக்கம்னும் எல்லாரும் ஒத்துப்பாங்க. காரணம் எளிது. கண்பக்கம் இன்னும் வெளிய வந்து உள்ள போய்க்கிட்டுதான் இருக்கு. ரப்பர் வளையங்கள் அதை இறுக்கிப் பிடிச்சிருக்கு. உள்ள அடைபட்ட காத்து வேற எதிர்த்துத் தள்ளுது. உங்க விரல் ஒரே நேரத்துல ரப்பரோடயும் காத்தோடயும் மல்லுக்கட்டுது.

இன்னொரு வழி, வெளிய எதுவுமே நகராம பார்த்துக்கிறது. ஜெர்மனியில வெட்ஸ்லார் நகரத்துல லைட்ஸ் நிறுவனம், இன்னைய லைக்காவோட தாய், 1963-ல ட்ரினோவிட் வரிசையை வெளியிட்டது. நேரான, ஒல்லியான குழாய். ஃபோகஸ் லென்ஸ் முழுக்க உள்ளேயே நகரும். சக்கரத்தோட தண்டு மட்டும் உடம்புக்குள்ள போகுது. இப்படி ஒரு அமைப்புல அடைக்க வேண்டியது அந்தத் தண்டு நுழையற இடத்தைத்தான். பிற்பாடு வந்த நல்ல பைனாகுலர்கள் பெரும்பாலும் இந்த வழியிலதான் போச்சு: உள் ஃபோகஸ், உள்ள ஈரம் படியாம நைட்ரஜன் வாயு.

இந்த ஒல்லிக் குழாய்க்கு ரூஃப் ப்ரிசம்னு ஒரு வகை தேவை. அதுக்கு ஒரு குறை, காட்சியோட கான்ட்ராஸ்ட்டை லேசா கெடுக்கும். அதைச் சரி பண்ற பூச்சு சைஸ்கிட்டயிருந்து 1988-லதான் வந்தது. அதுக்கப்புறம் குட்டி பைனாகுலர் உண்மையிலேயே நல்ல படம் காட்ட ஆரம்பிச்சது.

எவ்வளவு நுணுக்கம்னு ஒரு அளவு

முன் லென்ஸோட குவியத் தூரம் 100 மி.மீ.ன்னு வச்சுக்கோங்க. கண்பக்கம் வெளிய நகர்ற பழைய முறையிலேயே கணக்குப் போடுவோம், அதுதான் புரிய எளிது. வெகு தூரத்துல இருந்து 100 மீட்டருக்கு வர, 0.1 மி.மீ. நகரணும். 10 மீட்டருக்கு வர 1 மி.மீ. ஆனா 10 மீட்டர்ல இருந்து 2 மீட்டருக்கு வர, இன்னும் 4 மி.மீ.க்கு மேல.

அதாவது நாம அதிகமா பார்க்கிற தூரம் எல்லாம் முதல் ஒரு மில்லிமீட்டருக்குள்ள அடங்கிடுது. மீதிச் சுத்தல் எல்லாம் பக்கத்துப் பூவுக்கும் பூச்சிக்கும்தான். டிசைன் பண்றவர் இங்க ஒன்னைத் தேர்ந்தெடுக்கணும். சக்கரம் வேகமா இருந்தா பட்டாம்பூச்சிக்குச் சட்டுனு வரலாம், ஆனா தூரத்துல தலைமுடி அளவு திருப்பினாலே ஃபோகஸ் தாண்டிடும். மெதுவா இருந்தா தூரத்துல துல்லியம் வரும், பக்கத்துக்கு வர்றதுக்குள்ள பூச்சி பறந்துடும். கேம் விளையாடுறவங்களுக்கு மவுஸ் சென்சிடிவிட்டின்னு சொன்னா உடனே புரியும். ஒரே வித்தியாசம், இங்க செட்டிங்ஸ் கிடையாது. தொழிற்சாலையில முடிவு பண்ணினதுதான்.

சின்னதாக்கினா என்ன ஆகும்

இப்போ நம்ம பாக்கெட் சைஸுக்கு வருவோம். அல்ட்ராவிட் 8×20 சுமார் 240 கிராம். சைஸ் விக்டரி பாக்கெட் 8×25 சுமார் 290 கிராம். பெரிய 8×42 எல்லாம் 700, 800 கிராம் வரும்.

எடை குறைஞ்சா நல்லதுதானே? கழுத்துக்கு நல்லது. ஆனா பெரிய பைனாகுலர்ல அந்த எடையே ஒரு நங்கூரம். சக்கரம் கொஞ்சம் இறுக்கமா இருந்தாலும் உடம்பு அசையாது. 240 கிராம்ல அந்த நங்கூரம் கிடையாது. சக்கரத்தைத் தள்ளினா மொத்தப் பொருளும் சேர்ந்து ஆடும், அந்த ஆட்டத்தை 8 மடங்கா பெரிசாக்கிக் காட்டும். அதுக்கு மேல சக்கரமும் சின்னது. விட்டம் பாதியானா, அதே மரையைத் திருப்ப விரல் ரெண்டு மடங்கு அழுத்தம் கொடுக்கணும். மடக்குறதுக்கு ரெண்டு கீல் வச்சா சக்கரத்துக்கு இடமும் குறையுது. சைஸ் விக்டரி பாக்கெட்ல கீலை ஒன்னாக்கி, நடுவுல வைக்காம ஒரு பக்கமா தள்ளி வச்சிருக்கிறது, மடிச்சா சின்னதாவும் பிரிச்சா உறுதியாவும் இருக்கணும்னுதான்.

பெரிய பைனாகுலர்ல சுமாரான சக்கரத்தைச் சகிச்சுக்கலாம். குட்டியில சகிச்சுக்க முடியாது. விலையில ஒரு பெரிய பங்கு, ரெண்டு குழாயிலயும் உள்ள நகர்ற லென்ஸ்கள் ஆடாம, ஒன்னுக்கொன்னு பிசகாம, மெல்லிசா கிரீஸ் தடவின மரையில வழுக்கிட்டுப் போறதுக்காகத்தான்.

கடையில் என்ன பார்க்கணும்

ஆன்லைன்ல வாங்காதீங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஒரு தடவை கையில வச்சுப் பாருங்க. அஞ்சு விஷயம்.

ஒன்னு: ஒரு விரலால மட்டும் திருப்புங்க. காட்சி ஆடினா அந்தச் சக்கரம் உங்களுக்கு இறுக்கம்.

ரெண்டு: ஒரு போர்டு எழுத்துல ஃபோகஸ் பண்ணுங்க. கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி வாங்க. திசை மாத்தும்போது சக்கரம் சுத்தியும் காட்சி மாறலைன்னா உள்ள ஸ்லாக் இருக்கு. இவ்வளவு விலைக்கு அது இருக்கக் கூடாது.

மூணு: பக்கத்துல ஒன்னைப் பாருங்க, அப்புறம் தெருவைப் பாருங்க. பழைய இடத்துக்கு வர எத்தனை தடவை விரலை எடுத்து வைக்கிறீங்க? நீங்க அதிகமா பார்க்கப் போற தூரத்துக்கு அது வசதியான்னு மட்டும் யோசிங்க.

நாலு: தூரத்துல ரெண்டு கண்ணும் தெளிவா இருக்கிற மாதிரி செட் பண்ணிட்டு, பக்கத்துல பாருங்க. ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க. ஒன்னு தெளிவு, ஒன்னு மங்கல்னா ரெண்டு பக்கமும் ஒன்னா நகரல.

அஞ்சாவதுதான் எனக்கு முக்கியம். உங்க அம்மாகிட்டயோ அப்பாகிட்டயோ கொடுத்துப் பாருங்க. நமக்கு இருபதுகள்ல கண்ணுக்குள்ளேயே ஆட்டோஃபோகஸ் இருக்கு. சக்கரம் செய்யாததைக் கண் செஞ்சு மறைச்சுடும். நாற்பத்தஞ்சு தாண்டினவங்களுக்கு அந்த வசதி ரொம்பக் குறைவு. எங்க மொட்டை மாடியில ஒரு நண்பரோட 10 மடங்கு பைனாகுலர்ல தென்னை மரத்துக் கிளியைப் பார்த்தோம். எனக்கு "சூப்பர்" ஆனது, எங்க அப்பாவுக்கு "மங்கலா இருக்கேடா" ஆச்சு. அவர் சக்கரத்தைத் தேடித் திருப்பி முடிக்கிறதுக்குள்ள கிளி போயிடுச்சு. அவருக்கு 8 மடங்கு, சக்கரம் லேசா சுத்துற மாதிரி ஒன்னு கொடுத்திருந்தா பார்த்திருப்பார்.

அப்போ இவ்வளவு விலை கொடுக்கலாமா? நான் எப்படிப் பார்க்கிறேன்னா, மாசத்துக்கு ஒரு தடவை கார்ல போய்ப் பறவை பார்க்கிறவங்க, அதே காசுக்கு, இல்ல அதை விடக் குறைவா, ஒரு நல்ல 8×42 வாங்குங்க. வெளிச்சம் குறைஞ்ச நேரத்துல அது ஜெயிக்கும். 8×20-ல கண்ணுக்கு வர்ற ஒளிக்கற்றை 2.5 மி.மீ.தான், 8×42-ல 5 மி.மீ.க்கு மேல. தினமும் பையில வச்சுக்கிட்டு, பஸ் ஸ்டாப்லயும் ஆபீஸ் மாடியிலயும் எடுத்துப் பார்க்கிற ஆள்னா, குட்டி சரியான தேர்வு. ஆனா 8×20ன்னு பெட்டியில இருக்கிற எண்ணுக்காக வாங்காதீங்க. அந்த எண் 1894-லயே இருந்தது. நீங்க காசு கொடுக்கிறது லெமியேரோட சக்கரத்தைச் சட்டைப் பை அளவுக்குள்ள கொண்டுவந்ததுக்கு. அது உங்க விரலுக்கு ஒத்துவந்தா மட்டும் வாங்குங்க.

இந்த எபிசோட் அவ்வளவுதான். வீட்ல பழைய பைனாகுலர் ஏதாவது இருந்தா, அதுல சக்கரம் நடுவுல இருக்கா, கண்பக்கத்துல தனித்தனியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.